கொடைப் படுக்கை

காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவனிடம் முதலில் என்ன கேட்க வேண்டும்? உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். நம் ஊரில் அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. "கூட யார் வந்திருக்கா?" இதுதான் முதல் கேள்வி. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, ரத்தம் கொடுத்த சீட்டை வாங்கிவர, கஞ்சி ஊட்ட, நர்ஸிடம் சண்டை போட, எல்லாவற்றுக்கும் கூட ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாதவனுக்கு நோய் வரக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம்.

நெஞ்சைக் கருக்கும் மூட்டக் காய்ச்சல் வந்து ஆம்புலன்ஸ்காரர்கள் என்னை அந்த வார்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்த அன்றும் கவுண்டரில் இருந்த நர்ஸ் பெனிட்டா அதையேதான் கேட்டாள்.

"கூட யாரு வந்திருக்கா?"

"காய்ச்சல் வந்திருக்கு. வேற யாரும் வரல," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த இருமலில் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

என் பெயர் லூர்துராஜ். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வந்து லூர்து சவுண்ட் சர்வீஸ் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கடையைக் காட்டும். அம்மன் கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, சடங்கு வீடு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் நம்ம செட்டுதான். மைக் முன்னால் நின்று நின்று எனக்கு மெதுவாகப் பேசவே வராது. கோபம் வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்த வாயால்தான் கூடப்பிறந்த தம்பி சேசுராஜ் என்னோடு பேச்சை முறித்துக்கொண்டான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. ஆகவே பெனிட்டா என் கையில் நோயாளிப் பட்டையை மட்டும் மாட்டிவிட்டு, கூட இருப்பவருக்கான இன்னொரு பட்டையை டப்பாவிலேயே திரும்பப் போட்டாள்.

வார்டின் கடைசியில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. உள்ளே ஒரு கட்டில். கட்டிலைச் சுற்றி, மேலே, பக்கவாட்டில், எங்கும் ஒரு கொடி. பாகல் கொடி மாதிரி இலை, கொஞ்சம் தடிப்பு. தணியிலை என்றார்கள். அந்தக் கட்டிலில் யாரோ படுத்திருந்தார்கள். இலைகளுக்கு நடுவே ஒரு கால் மட்டும் தெரிந்தது. அந்தக் கொடியிலிருந்து பிழிந்த சாற்றைத்தான் காலையும் மாலையும் எங்களுக்குத் தந்தார்கள். மணி அடித்ததும் கூட இருப்பவர்கள் கையில் தம்ளரோடு கவுண்டரில் வரிசை கட்டுவார்கள். மணிக்கட்டுப் பட்டையை மிஷினில் காட்டினால் அவரவர் நோயாளிக்கு உரிய சாறு தம்ளரில் விழும். என்னைப் போன்றவனுக்குக் கடைசியில் பெனிட்டா கொண்டுவந்து தருவாள். அம்மாடி, என்ன சாறு அது! நெஞ்சுக்குள் கொள்ளிக்கட்டையைச் செருகியது போல எரிந்துகொண்டிருக்கும். குடித்துக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். மூச்சு என்பது எவ்வளவு ருசியான பொருள் என்று எனக்கு அந்த வார்டில்தான் தெரிந்தது.

பக்கத்துப் படுக்கையில் சுடலைமணி என்று ஒரு மினி பஸ் டிரைவர். அவன் வாயைத் திறக்கவே மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் பெண்டாட்டி மாரிக்கனி பேசுவாள். நர்ஸைத் திட்டுவாள், கூட்டுகிறவளைத் திட்டுவாள், விசிறியைத் திட்டுவாள். வந்த அன்றே என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"ஏன் கேக்க?"

"சும்மாதான். மூஞ்சியப் பார்த்தா எங்க பெரியப்பா மவன் மாதிரி இருக்கு."

"அவ்வளவு அசிங்கமாவா இருப்பான் உன் பெரியப்பா மவன்?"

"இதவிட மோசமா இருப்பான்," என்று சொல்லிவிட்டு, புருஷனுக்குக் கொண்டுவந்த கஞ்சியில் பாதியை என் கிண்ணத்தில் ஊற்றினாள். அன்றிலிருந்து அப்படித்தான். என் பெயர் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. அண்ணாச்சி, அவ்வளவுதான். அவள் கஞ்சியில் உப்பு எப்போதும் அதிகம். சொன்னால், வக்கணையாகத் தின்னத் தெரிந்தவருக்குக் காய்ச்சல் எதற்கு என்பாள். சுடலைமணிக்கு முகம் தெளிந்துகொண்டே வந்தது. எனக்கும்தான்.

ஒரு மத்தியானம் டாக்டர் அருணகிரி வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வடக்கத்திப் பேச்சு, மெலிந்த ஆள். டாக்டர் நின்றுகொண்டு பேசினால் பயப்பட ஒன்றுமில்லை. உட்கார்ந்தால் விவகாரம்.

"சார், இந்தச் சாறு எப்படி வேலை செய்யுதுன்னு தெரியுமா?"

"குடிச்சா எரிச்சல் நிக்குது. அது போதாதா?"

"கொஞ்சம் கேளுங்க. உங்களை இந்தக் கிருமி கொல்றதில்ல. அது சின்னப் பையன். அதை விரட்ட உங்க உடம்பு ஒரு படையைக் கிளப்புது பாருங்க, அதுக்கு நிறுத்தத் தெரியல. நுரையீரலையே போட்டு அடிக்குது. அந்த அழற்சியைத்தான் இந்த இலை தணிக்குது. ரெண்டு வாரம் தணிச்சு வெச்சா கிருமி தானா போயிடும். நடுவுல நிறுத்தினா படை திரும்பக் கிளம்பிடும்."

"அதான் நல்லா விளையுதே. பிழிஞ்சு குடுத்துக்கிட்டே இருங்க."

"தோட்டத்துல வளர்த்தா அது வெறும் கீரை சார். ஒண்ணுக்கும் ஆகாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த அழற்சியில துடிக்கிற ஒருத்தரோட மூச்சு அது மேல படணும். அந்த மூச்சுல வர்ற வாடையைப் பிடிச்சாதான், அதுக்கு மாற்றை இலையில சுரக்கும். செயற்கையா அந்த வாடையைச் செஞ்சு பார்த்துட்டாங்க. கொடி ஏமாற மாட்டேங்குது."

எனக்கு அந்தக் கண்ணாடி அறையும் இலைகளுக்கு நடுவே தெரிந்த காலும் ஞாபகம் வந்தது.

"அந்த ஆளுக்குச் சாறு கிடையாதா?"

"கிடையாது. குடுத்தா அவருக்கு அழற்சி தணிஞ்சிடும். கொடியும் சுரக்காது." கண்ணாடி அறைப் பக்கம் கையைக் காட்டினார். "கொடைப் படுக்கைன்னு பேர். அவர் இன்னிக்கோ நாளைக்கோ..."

அரசாங்கத்துக்குப் பேர் வைக்கத் தெரியாது என்று எவன் சொன்னான்!

"அடுத்தது நான். அதைச் சொல்லத்தான் உக்காந்திருக்கீரு."

"சொல்லாம செய்யக்கூடாதுன்னு சட்டம் இருக்கு சார்."

"ஆளுக்கு ஒரு மணி நேரமா மாறி மாறிப் படுத்தா என்னவே?"

"ஒரு மூச்சுக்குக் கொடி பழக ஒரு நாள் ஆகும். கையிருப்புச் சாறும் ஒரு நாளைக்குத்தான் இருக்கு. அடிக்கடி மாத்தினா வார்டு முழுக்கப் போயிடும்."

"சீட்டுக் குலுக்கிப் போடுமய்யா!"

"போட்டோம். முதல்ல அப்படித்தான் போட்டோம். சீட்டுல பேர் வந்தவரோட சொந்தக்காரங்க இருபது பேர் வந்து கண்ணாடியை உடைச்சாங்க. கொடி கருகிடுச்சு. அந்த வாரம் இந்த வார்டுல ஒருத்தர்கூட வீட்டுக்குத் திரும்பல. அதுக்கப்புறம்தான் சண்டை போட யாரும் இல்லாதவங்களா பார்த்து..." முடிக்காமல் தரையைப் பார்த்தார். "என்னைக் கொலைகாரன்னு நீங்க நினைக்கலாம்."

"நினைக்கல. சொல்லுதேன்," என்றேன். சத்தமாகத்தான் சொல்ல நினைத்தேன். காற்றுதான் வந்தது.

ஆள் யாராவது வருகிறார்களா என்று பார்க்கச் சாயங்காலம் வரை நேரம் கொடுத்தார். தம்பிக்கு போன் போட்டேன். அவன் பெண்டாட்டி எடுத்தாள். "அவிய வெளிய போயிருக்காவ," என்றாள். பின்னால் அவன் டிவி பார்த்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. சத்தத்தில் என்னை ஏமாற்ற முடியுமா? நான் அதை வைத்துப் பிழைப்பவன். போனை வைத்துவிட்டு அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். சாவதைவிட, எனக்காகக் கத்த ஒரு நாதி இல்லையே என்பதுதான் தாங்கவில்லை.

மாரிக்கனி அப்போதுதான் கடைக்குப் போய்விட்டு வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, ஆம்பள ஆளு இப்படி அழுதுக்கிட்டு?"

"ஆள் இல்லையாம். எனக்கு ஆள் இல்லன்னு என்னைய மாத்தப் போறாங்களாம்."

அதற்கு மேல் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. அவளுக்குக் கேட்கப் பொறுமை இல்லை. வேறு வார்டுக்கு மாற்றப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. நம் பெண்களுக்கு ஒரு குணம் உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்காக, ரேஷன் வரிசையில் முன்னால் நின்றவளுக்காக, கண்ணிமைக்கும் நேரத்தில் உறவுமுறை சொல்லிச் சண்டைக்குப் போய்விடுவார்கள். தன் புருஷனுக்குப் போர்வையை இழுத்துவிட்டு நேராகக் கவுண்டருக்குப் போனாள்.

"யாரு சொன்னா எங்க அண்ணாச்சிக்கு ஆள் இல்லன்னு? நான் இருக்கேன். எழுதும்மா."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றாள் பெனிட்டா.

"கூடப்பொறந்தவன்னு வச்சுக்கோ."

"அவரு பேரு?"

"அண்ணாச்சின்னு போடு! இத்தன நாளா மருந்து குடுக்க, உனக்குத் தெரியாதா பேரு?"

மாலை மணி அடிக்கிற நேரம். வரிசை நெருக்கித் தள்ளியது. பெனிட்டா காலையிலிருந்து உட்காராதவள். மாரிக்கனியின் மணிக்கட்டைப் பிடித்து மிஷினில் வைத்து என் படுக்கை எண்ணைத் தட்டிவிட்டாள். அவ்வளவுதான். மாரிக்கனி அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். எனக்கு உயிர் வந்தது. எனக்காகவும் ஒருத்தி கத்திவிட்டாள்!

மறுநாள் காலை, கொடைப் படுக்கையில் இருந்தவரை வெள்ளைத் துணி போர்த்தி எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் மிஷின் கொடுத்த சீட்டோடு வந்து, டாக்டர் சொல்லியாயிற்று என்று நினைத்து, சுடலைமணியின் கட்டிலைத் தள்ளினார்கள். ஸ்கேனுக்கு என்று நினைத்து மாரிக்கனியும் கூடவே நடந்தாள். கண்ணாடிக் கதவில் காவல்காரன் அவளை மறித்து அவள் பட்டையை மிஷினில் காட்டினான்.

"நீங்க அந்தப் பெரியவரோட ஆளு. இவருக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்ல. ஒத்துங்க."

"எம் புருஷன்யா!"

"மிஷின்ல அப்படி இல்லம்மா. இவருக்கு ஆளே இல்லன்னு வருது."

ஒரு பட்டைக்கு ஒரு படுக்கைதான். முன்பு ஒரே தரகன் பத்து நோயாளிக்கு ஆளாக நின்ற கூத்து நடந்ததால் வந்த ஏற்பாடு அது. அவள் என்னைச் சேர்த்துக்கொண்ட நிமிஷமே மிஷின் அவள் புருஷனைக் கழற்றிவிட்டிருக்கிறது. அவள் போட்ட கூச்சலில் டாக்டர் அருணகிரி ஓடிவந்தார். நடந்ததைக் கேட்டார். தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, பாவி மனுஷன், எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கமாகச் சொன்னார். கொடி, மூச்சு, கொடைப் படுக்கை, எல்லாம். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"திரும்ப மாத்துங்க சார்," என்றாள்.

"நான் நினைச்சா முடியாதும்மா. முன்னாடி சில பிள்ளைங்களே கடைசி நேரத்துல பெத்தவங்களைக் கழட்டி விட்டுட்டுப் போயிட்டாங்க. அதனால, 'இவங்க என் ஆள் இல்ல'ன்னு நோயாளியே கைரேகை வெச்சாத்தான் மிஷின் ஒத்துக்கும்." அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவர் வைக்கணும்."

வார்டு முழுக்க என்னைப் பார்த்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இத்தனை பேர் படுத்திருக்கிறார்கள். இத்தனை பேரும் அந்தச் சாற்றைத்தான் குடிக்கிறார்கள். பிறகு என்னை மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? "எவனாவது வாரீங்களால? ஒருத்தனாவது?" என்று கத்தினேன். கிழிந்த ஸ்பீக்கரில் வருவது போல ஒரு சத்தம் வந்தது. நோயாளிகள் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். கூட இருப்பவர்கள் போனைப் பார்த்தார்கள். மாரிக்கனி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய வைங்க அண்ணாச்சி."

"பொறு. யோசிக்கணும்."

அவள் கெஞ்சவில்லை. என் கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். அன்று பூராவும் அப்படியே இருந்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்குச் சாக இஷ்டமில்லை. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அறுபது வயசு, யாரும் இல்லை, இருந்து என்ன கிழிக்கப் போகிறான் என்று நீங்கள் நினைப்பீர்கள். யாரும் இல்லாதவனுக்கு அவன் ஒருத்தன்தானே இருக்கிறான்? அவனையும் விடு என்றால் எப்படி?

அடுத்த நாள் காலை மணி அடித்தது. எல்லோரும் தம்ளரோடு எழுந்து போனார்கள். மாரிக்கனியும் எழுந்தாள். அவள் பட்டைக்கு என் சாறுதான் வரும். இப்போது நான் அவள் நோயாளி. வரிசையில் நின்று, பட்டையைக் காட்டி, தம்ளரில் வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். இலைப்பச்சை நிறத்தில் தம்ளர் நிறைய இருந்தது. சுடலைமணியின் மூச்சில் ஊறிய முதல் சாறு.

"குடிங்க அண்ணாச்சி," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை.

கண்ணாடிக்கு உள்ளே அவன் முதுகு தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் விடியற்காலையிலிருந்து நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. வாங்கினேன். குடித்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்தேன். தேவாமிர்தமாக இருந்தது, அதுதான் கொடுமை. காலித் தம்ளரை அவளே வாங்கி முந்தானையால் துடைத்தாள். அப்போதுதான் எனக்குப் பேச மூச்சு வந்தது.

"போய் அந்த மிஷினக் கொண்டாரச் சொல்லு," என்றேன்.

கைரேகையை வைத்தேன். கொடி என் மூச்சுக்குப் பழகும்வரை, சுடலைமணிக்குச் சுரந்ததை வைத்து ஒரு நாளைச் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்க குலசாமி நீங்க," என்றாள். "வாயை மூடு. நான் மாதா கோயில் வேதக்காரன்," என்றேன்.

இப்போது நான் இலைகளுக்கு நடுவே படுத்திருக்கிறேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தெரியவில்லை. படை கிளம்பிவிட்டது. மூச்சை இழுத்தால் கண்ணாடித் தூள் உள்ளே போகிறது. விட்டால் கொடி அதை உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் இருந்த தளிர் மாலையில் என் கட்டில் கம்பியைப் பற்றியிருக்கிறது. டாக்டர் அருணகிரி வந்து இலையைத் தடவிப் பார்த்தார். "உங்க மூச்சுக்குக் கொடி அமோகமா சுரக்குது சார். இந்த அளவுக்கு யாருக்கும் சுரந்ததில்ல," என்றார். பாராட்டுகிறாராம்! ஒரு பெரியவர் தினமும் கண்ணாடிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார். அவர் தலையில் இடி விழ. எழுந்து நாலு வார்த்தை திட்ட முடியவில்லையே என்று இருக்கிறது.

சுடலைமணி பழைய இடத்துக்குப் போய்விட்டான். அந்த ஒரு நாளில் அவன் நுரையீரல் பாதி வெந்துவிட்டதாம். இன்னும் பல நாள் சாறு குடித்தால் பிழைத்துவிடுவானாம். பெனிட்டா சொன்னாள். அவளுக்கு என்னைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இன்று சாயங்காலம் மணிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மடியிலிருந்து ஒரு ஊசியை எடுத்தாள்.

"அண்ணாச்சி, இதப் போட்டா எரிச்சல் அடங்கிரும். அப்படியே தூங்கிருவீங்க. வேற ஒண்ணும் தெரியாது. போடவா?"

போடு என்று சொல்ல முடியாமல் கையை நீட்டினேன். என் வாழ்நாளில் யாரிடமும் நான் அப்படிக் கை நீட்டியதில்லை.

"ஏட்டி! என்னத்தப் போடுத அவருக்கு?"

மாரிக்கனியின் குரல். தம்ளரோடு வரிசைக்குப் போனவள் கண்ணாடி வழியே பார்த்துவிட்டாள்.

"ஊசி போடுதா! ஊசி போட்டா அவருக்குத் தணிஞ்சிரும், கொடி சுரக்காது! டாக்டர் சார்! யாராவது வாங்களேன்! இவ நம்மள எல்லாரையும் கொல்லுதா!"

எனக்காகக் கத்திய அதே தொண்டைதான். என்ன தொண்டை! என்னிடம் இருந்த செட்டுக்கெல்லாம் மைக்கே தேவைப்பட்டிருக்காது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். காவல்காரன் கதவைத் திறந்தான். டாக்டர் வந்து பெனிட்டாவின் கையிலிருந்து ஊசியை வாங்கிக்கொண்டு அவளை வெளியே அனுப்பினார். அவள் அழுதுகொண்டே போனாள்.

கூட்டம் கலைந்த பிறகு மாரிக்கனி கண்ணாடிக்கு வெளியே, என் முகத்துக்கு நேராக வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். கண்ணீர் தாரைதாரையாக ஓடியது. நடிப்பில்லை. அவளுக்கு நடிக்கத் தெரியாது.

"கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி. அவியளுக்கு இன்னும் நாலஞ்சு நாளைக்கு வேணும்னு டாக்டர் சொல்லுதாவ. புதுசா ஒரு ஆளப் போட்டா இவ்வளவு சுரக்காதாம். நாலஞ்சு நாள்தான். பல்லக் கடிச்சுக்கிட்டு உசுரோட இருந்திருங்க. அதுக்குப் பொறவு நானே நின்னு அந்த ஊசியப் போடச் சொல்லுதேன். இருப்பியள்லா?"

பாவி மகளே என்று கத்த வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை. அவள் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி ஊற்றும்போது போதுமா என்று கேட்டுவிட்டுப் பார்ப்பாளே, அதே பார்வை. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையை ஆட்டினேன்.

"நல்லா இருப்பிய," என்றாள். மணி அடித்தது. மூக்கைச் சிந்திவிட்டு, தம்ளரை முந்தானையால் துடைத்துக்கொண்டு, வரிசையில் இடம் போய்விடும் என்று ஓடினாள்.